ஒழுகும் நீருடைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாத்து வேட்டைப் பருவம் செப்டம்பர் இறுதியில் வட மாநிலங்களில் தொடங்கி, ஜனவரி 31-ஐத் தாண்டாமல் தெற்கில் முடிவடைகிறது. அதில் ஈடுபடுவோர் விடிவதற்கு முன்பே முழங்காலளவு, சில இடங்களில் இடுப்பளவு குளிர்நீரில் இறங்கி மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டியிருப்பதால், பாதம் முதல் மார்பு வரை உடலை ஒரே தொடர்ச்சியாக மூடி, தோள்வார்களில் தொங்கும் நீர்புகா உடை ஒன்று துப்பாக்கிக்கு அடுத்த தேவையாகிவிடுகிறது. சந்தையில் ‘செஸ்ட் வேடர்ஸ்’ என்று விற்கப்படும் இவ்வுடையை இக்கட்டுரை சுருக்கமாக ‘நீருடை’ என்று குறிப்பிடுகிறது.

நீருடையின் விலை சுமார் நூறு டாலரில் தொடங்கி ஆயிரம் டாலரையும் தாண்டுகிறது. வேட்டைக்காரரின் செலவு அதோடு நிற்பதில்லை. மாநில உரிமக் கட்டணம், பதினாறு வயது நிரம்பிய அனைவரும் வாங்கியாக வேண்டிய 25 டாலர் கூட்டாட்சி வாத்து முத்திரை, நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகள் 1991 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருப்பதால் வாங்க வேண்டிய எஃகுக் குண்டுகள், படகு, எரிபொருள் எனப் பட்டியல் நீள்கிறது. ஆகவே சாதாரண வருவாய் உள்ளவர் நீருடைக்கென ஒதுக்கக்கூடிய தொகை பெரும்பாலும் இருநூறு, முந்நூறு டாலருக்குள் அடங்கிவிடுகிறது. விளம்பரங்களும் ஏமாற்று வலைத்தளங்களும் குறிவைப்பது இந்தத் தொகையைத்தான்.

விலை எதுவாயினும் எல்லா நீருடையும் ஒருநாள் ஒழுகும் என்பதை வாங்குபவர் முதலில் ஏற்றுக்கொள்வது நல்லது. முள், கம்பிவேலி, நீருக்குள் கிடக்கும் மரக்கிளை, ஓயாத மடிப்பு ஆகியவற்றுக்கு எந்தத் துணியும் நிரந்தரமாகத் தாக்குப்பிடிப்பதில்லை. எனவே ஒழுகுமா என்று கேட்பதை விட, எந்த இடத்தில் ஒழுகும், எத்தனை பருவங்களுக்குப் பின் ஒழுகும், ஒழுகும்போது செலவு யாருடையது என்ற மூன்றையும் கேட்பவரே குறைந்த பணத்தில் நல்ல உடையை வாங்குகிறார். முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை துணியிலும் தையலிலும் இருக்கிறது. மூன்றாவதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது.

துணிவகையில் வாங்குபவர் முன் நிற்கும் முதன்மைத் தெரிவுகள் இரண்டு. ஒன்று நியோபிரீன். 1930-இல் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான இந்தச் செயற்கை ரப்பர், நுண்ணிய வாயுக் குமிழிகளைத் தனக்குள் அடைத்துவைத்திருக்கும் நுரைத்தாளாக நீருடையில் பயன்படுகிறது. அக்குமிழிகள் வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பதால் உடையே போர்வையின் வேலையையும் செய்துவிடுகிறது. வேட்டைக்கான நியோபிரீன் உடைகள் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் என இரு தடிமன்களில் கிடைக்கின்றன. மற்றொன்று ஆவி கடத்தும் துணி. நீர்த்துளி நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய துளைகளைக் கொண்டு, உடலின் வேர்வை ஆவியை மட்டும் வெளியேற விடும் மெல்லிய சவ்வு இரு துணிகளுக்கிடையே ஒட்டப்பட்டு உருவாவது. இவ்வகைச் சவ்வுகளில் பெயர்பெற்ற கோர்-டெக்ஸ், 1969-இல் பாப் கோர் டெஃப்லான் வகைப் பொருளை வேகமாக இழுத்து விரித்தபோது கண்டறியப்பட்டது. இத்துணிக்குத் தனியே வெப்பம் காக்கும் ஆற்றல் இல்லை. உள்ளே அணியும் கம்பளி, ஃபிளீஸ் ஆடைகளே குளிரைத் தாங்க வேண்டும். இவ்விரண்டும் தவிர, மிக மலிவான பிவிசி பூச்சு நைலான் உடைகளும் உண்டு. பருவத் தொடக்கத்தின் மிதமான நாள்களுக்கு அவை போதுமென்றாலும், கடுங்குளிரில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும் தன்மை கொண்டவை என்பதால், ஒரே ஒரு உடை வாங்க மட்டுமே பணம் உள்ளவர் அவற்றைத் தவிர்ப்பது நன்று.

இரண்டில் எது என்ற கேள்விக்கு வெப்பநிலையை வைத்தே விடை சொல்வது கடைக்காரர்களின் வழக்கம். நடக்கும் தூரத்தை வைத்து முடிவெடுப்பதே பொருத்தமானது என்று தோன்றுகிறது. ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் நகரைச் சுற்றியும், முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த பாயூ மீட்டோ பொது வேட்டைப் பகுதியிலும், குளிர்காலத்தில் நீர் நிரம்பி நிற்கும் ஓக் மரக்காடுகளுக்குள் வேட்டைக்காரர்கள் இருட்டில் நெடுந்தூரம் நீரில் நடந்து செல்கிறார்கள். அப்படி நடப்பவர் தடித்த நியோபிரீனுக்குள் வேர்த்து நனைந்து, நின்ற பிறகு அந்த ஈரமே குளிர்ந்து நடுங்குவார். மாறாக, டகோட்டா மாநிலங்களின் குட்டைகளிலோ பெரிய ஏரிகளிலோ படகில் சென்று மறைவிடத்தில் அமர்ந்திருப்பவருக்கு வேர்வை ஒரு சிக்கலே அன்று. அவருக்கு இருநூறு டாலருக்குட்பட்ட 5 மில்லிமீட்டர் நியோபிரீன், அதைவிட இருமடங்கு விலையுள்ள ஆவி கடத்தும் உடையை விடக் கதகதப்பானது. நியோபிரீனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதில் ஏற்படும் கிழிசலை வீட்டிலேயே பசைகொண்டு ஒட்டுவது எளிது.

ஆவி கடத்தும் உடைகளின் விளம்பரத்தில் மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு, ஐந்து அடுக்கு என்று எண்கள் முழங்கும். இவற்றை ஒப்பிட்டு வாங்குவதற்கு முன், எந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்று பார்க்க வேண்டும். முழங்காலிலும் இருக்கைப் பகுதியிலும் மட்டும் ஐந்து அடுக்கு வைத்துவிட்டு, தொடையின் உட்பகுதியில் மூன்றோடு நிறுத்தும் உடைகள் ஏராளம். டெனியர் என்ற எண்ணும் அப்படித்தான். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது டெனியர்; எண் கூடினால் நூல் தடிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த நூல் முள்ளைத் தாங்குமே தவிரத் தையலைக் காப்பாற்றாது.

நீருடைகள் முதலில் ஒழுகும் இடம் தையலே. கடையில் உடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, இரு கால்களும் இணையும் கவட்டுப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தையல்களின் மேல் ஒட்டப்பட்ட நாடா ஒரே அகலத்தில் ஓடுகிறதா, விளிம்பு எங்காவது நகத்தால் கிளப்பும் அளவுக்குத் தூக்கி நிற்கிறதா, நான்கு தையல்கள் கூடும் மையத்தில் தனி ஒட்டு வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடும். நாடா சுருக்கம் விழுந்து ஒட்டியிருந்தால் அச்சுருக்கமே நீருக்கு வழியாகும். பூட்ஸும் துணியும் சேரும் கணுக்கால் வளையத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும். இந்தச் சில நிமிடச் சோதனை, பெட்டியின் மேல் அச்சிட்ட எல்லாப் புள்ளிவிவரங்களையும் விடப் பயனுள்ளது.

அளவுப் பொருத்தம் அழகுக்கான விஷயம் என்று நினைப்போர் உண்டு. உண்மையில் உடையின் ஆயுளைத் தீர்மானிப்பதே அதுதான். இறுக்கமான உடை, படகின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கவட்டுத் தையலை இழுக்கிறது. தொளதொளத்த உடையோ கால்களுக்கிடையே உரசி உரசித் துணியைத் தேய்க்கிறது. பின்னர் நிறுவனத்திடம் முறையிடும்போது இரண்டுமே ‘வழக்கமான தேய்மானம்’ என்ற தலைப்பின் கீழ் தள்ளப்படும். ஆகவே குளிர்காலத்தில் உள்ளே அணியப்போகும் தடித்த கால்சட்டை, கம்பளிச் சட்டை, காலுறை அனைத்தையும் அணிந்துகொண்டே கடைக்குச் சென்று, நீருடையை மாட்டி, முழுமையாகக் குந்தி எழுந்து, ஒரு நாற்காலியின் மீது ஏறி இறங்கிப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். மார்புச் சுற்றளவு, உள்தொடை நீளம், பூட்ஸ் எண் மூன்றுக்கும் அளவு அட்டவணை தரும் நிறுவனமே இணையவழி வாங்குவோருக்குத் தகுந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்றே அளவில் விற்பதில் விலை குறைவதன் காரணம் அங்கேயே தெரிகிறது.

பூட்ஸைப் பொறுத்தவரை, உடையோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டது, தனியே அணிய வேண்டியது என இருவகை உண்டு. தனி பூட்ஸின் கட்டு நூல்கள் உறைந்து இறுகிவிடுவதாலும், சேறு அவற்றுக்குள் புகுந்துவிடுவதாலும் வாத்து வேட்டையில் இணைந்த வகையே பெரிதும் விரும்பப்படுகிறது. பூட்ஸில் 600, 1000, 1600 என்று காணப்படும் எண், உள்ளே வைத்த வெப்பக்காப்புப் பஞ்சின் ஒரு சதுர மீட்டர் எடையைக் கிராமில் குறிப்பது. பூட்ஸின் எடையோடு அதற்குத் தொடர்பில்லை. 1600 வாங்கிவிட்டு இரண்டு தடித்த காலுறைகளோடு திணித்து அணிபவரின் பாதம், இரத்த ஓட்டம் நெருக்கப்படுவதால், 800 எண் பூட்ஸைத் தளர்வாக அணிபவரின் பாதத்தை விட விரைவில் விறைத்துப்போகும். பணம் குறைந்தவருக்கு இதில் ஆறுதலான செய்தி, அரை எண் பெரிய பூட்ஸுக்குக் கூடுதல் விலை இல்லை என்பது.

ஆபத்துகளைப் பற்றி வேட்டைக்காரரிடையே நிலவும் அச்சங்களில் மிகப் பழையது, நீருடைக்குள் தண்ணீர் நிரம்பினால் அது ஆளைக் கல்லைப்போல் அடியில் இழுத்துவிடும் என்பது. இயற்பியல் இதை ஏற்பதில்லை. நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை இல்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற தூண்டில்காரர் லீ வுல்ஃப் நீருடை அணிந்தபடியே பாலத்திலிருந்து ஆற்றில் குதித்துக் கரையேறி இதை மெய்ப்பித்துக் காட்டினார். எனினும் இந்தச் செய்தியைப் பாதியோடு நிறுத்துவது ஆபத்தானது. நிரம்பிய உடையோடு நீந்துவது மிகக் கடினம். கரையில் ஏற முயலும்போதோ, படகின் விளிம்பில் உடலைத் தூக்கும்போதோ, உள்ளிருக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ எடையாகத் திரும்பிவந்துவிடுகிறது. தவறி விழுந்தவர் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, கைகளால் துடுப்புப் போட்டு ஆழமற்ற இடத்தை நோக்கி நகர்வதும், அங்கே எழுந்து நிற்க முயலாமல் தவழ்ந்து வெளியேறி, படுத்தபடி கால்களை உயர்த்தி நீரை வடியவிடுவதும் பயிற்றுநர்கள் கற்றுத்தரும் முறை.

உள்ளே புகும் நீரின் அளவை வெகுவாகக் குறைப்பது இடுப்பில் இறுக்கிக் கட்டும் பட்டை. மலிவான உடைகளில் இது மெல்லிய நாடாவாகவே இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. பதினைந்து, இருபது டாலருக்குத் தனியே வாங்கும் அகலமான பட்டைதான் இந்தச் செலவுப் பட்டியலிலேயே மிக லாபமானது. தோள்வார்களின் கொக்கி, கையுறை அணிந்த ஒரே கையால், பார்க்காமல் அவிழ்க்கக் கூடியதா என்பதையும் கடையிலேயே சோதிக்க வேண்டும்.

உயிரைப் பறிப்பதில் நீரின் எடையை விட நீரின் குளிருக்கே பெரும்பங்கு. காற்றை விட நீர் உடல் வெப்பத்தை ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சுகிறது. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இதை ஒன்று-பத்து-ஒன்று என்ற விதியாக வகுத்தார்: திடீரெனக் குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னதைக் கேட்பது ஏறத்தாழ பத்து நிமிடம், உடல் வெப்பம் குன்றி நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் அடக்க முடியாமல் வரும் பெருமூச்சு நீருக்கடியில் நிகழ்ந்தால், நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார். மிதவைச் சட்டை அந்த நிமிடத்துக்காகவே தேவைப்படுகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகளில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மிதவைச் சட்டை அணியாதவர்கள் என்பது ஆண்டு தவறாமல் பதிவாகிறது.

படகில் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை இருந்தாக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அணிந்தே இருக்க வேண்டும் என்பதை மாநிலங்கள் சில தனியே கட்டாயப்படுத்துகின்றன. நியூயார்க்கில் 21 அடிக்குக் குறைந்த படகுகளில் நவம்பர் 1 முதல் மே 1 வரையிலும், பென்சில்வேனியாவில் 16 அடிக்குக் குறைந்த படகுகளிலும் எல்லாக் கயாக், கனூக்களிலும் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரையிலும் இக்கட்டாயம் உண்டு. இரண்டுமே வாத்துப் பருவத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய காலங்கள். காற்றடைத்து ஊதும் வகைச் சட்டை நீருடையின் மேல் அணிய வசதியானது, ஆயினும் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது ஏற்கப்பட்டதன்று. நீருடைக்கு முந்நூறு டாலர் வைத்திருப்பவர் அதில் ஐம்பதைக் குறைத்து நல்ல நுரை மிதவைச் சட்டை வாங்குவாரானால், அது சிக்கனம் என்ற சொல்லுக்குத் தகுந்த செயல்.

வானிலை மாறும் வேகத்துக்கு 1940 நவம்பர் 11 நிரந்தரச் சான்று. போர்நிறுத்த நாள் விடுமுறையான அன்று காலை மிதமான வெப்பத்தில், மெல்லிய ஆடைகளோடு மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்குச் சென்ற வேட்டைக்காரர்கள் பலர், பிற்பகலில் திடீரெனப் பாய்ந்த பனிப்புயலில் சிக்கிக் கரை சேர முடியாமல் உறைந்து இறந்தார்கள். அப்புயலில் மத்திய மேற்கு மாநிலங்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர். இன்று முன்னறிவிப்பு மேம்பட்டிருக்கிறது. ஆயினும் ஒழுகும் உடையோடு ‘இன்னும் ஒரு மணி நேரம்தானே’ என்று நிற்பவரின் நிலை அன்றிலிருந்து அதிகம் மாறிவிடவில்லை.

சட்டத்துக்கு வந்தால், அமெரிக்க நுகர்வோர் பலரும் நிறுவனம் தந்த உத்தரவாத அட்டையோடு தங்கள் உரிமை முடிந்துவிடுவதாகக் கருதுகிறார்கள். உண்மையில் உரிமை மூன்று அடுக்காக இருக்கிறது. முதலாவது வெளிப்படை உத்தரவாதம்: பெட்டியிலோ விளம்பரத்திலோ ‘நூறு விழுக்காடு நீர்புகாது’ என்று பொருளை விவரித்துச் சொல்வது, மாநிலங்கள் ஏற்றுள்ள சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் 2-313 பிரிவின்படி விற்பவரைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி. ‘நாட்டிலேயே சிறந்தது’ போன்ற பொதுப்புகழ்ச்சிக்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டாவது, எழுதப்படாமலேயே சட்டம் தரும் உட்கிடை உத்தரவாதம்: அவ்வகைப் பொருளை வணிகமாக விற்பவர் விற்கும் பொருள் அதன் வழக்கமான பயனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்று 2-314 பிரிவு கூறுகிறது. புதிய நீருடை முதல் நாளிலேயே தையலில் ஒழுகுமானால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது உகந்த பொருள் அன்று. மூன்றாவது, நிறுவனம் தானாக எழுதித் தரும் உத்தரவாதம். இதை 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது.

அச்சட்டப்படி எழுத்துவழி உத்தரவாதம் ‘முழுமையானது’ அல்லது ‘வரையறுக்கப்பட்டது’ என்று தலைப்பிலேயே குறிக்கப்பட வேண்டும். 15 டாலருக்கு மேற்பட்ட பொருளாயின் வாங்குவதற்கு முன்பே அதைப் படித்துப் பார்க்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். நீருடைகளில் காணப்படுவது பெரும்பாலும் வரையறுக்கப்பட்டதே. எழுத்துவழி உத்தரவாதம் தந்த நிறுவனம் உட்கிடை உத்தரவாதத்தை அறவே மறுக்க முடியாது. ஆனால் வரையறுக்கப்பட்ட வகையில் அதன் காலத்தைத் தன் எழுத்துவழி உத்தரவாதக் காலத்தோடு முடித்துக்கொள்ளப் பெரும்பாலான மாநிலங்களில் இடமுண்டு. ஆகவே ஓராண்டு, மூன்றாண்டு என்ற வேறுபாடு வெறும் விளம்பரம் அன்று; விலையோடு சேர்த்து எடைபோட வேண்டியது. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று எழுதியிருந்தால் யாருடைய வாழ்நாள் என்பதை நிறுவனம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல். வாங்குபவரின் ஆயுளா, அந்த மாதிரி உடை தயாரிப்பில் இருக்கும் காலமா என்பதில் பல ஆண்டுகள் வேறுபடலாம்.

வேறு நிறுவனத்தின் பசையைக் கொண்டு ஒட்டியதால் உத்தரவாதம் போய்விட்டது என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. தன் பொருளையோ தன் பழுதுநீக்கும் சேவையையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதை, அதை இலவசமாகத் தந்தாலொழிய, மேக்னசன்-மாஸ் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அந்தப் பசையே சேதத்துக்குக் காரணம் என்று காட்டினால்தான் நிறுவனம் மறுக்க முடியும். எனினும் நடைமுறை அறிவு வேறொன்றைச் சொல்கிறது. உத்தரவாதக் காலத்தில் ஒழுக்கு தெரிந்தவுடன், ஒட்டுவதற்கு முன், அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அருகிலிருந்து ஒன்றும் முழு உடையோடு ஒன்றுமாகப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். தையலிலோ பூட்ஸ் இணைப்பிலோ உள்ள ஒழுக்கு தயாரிப்புக் குறையென்று வாதிட இடம் தருகிறது. தொடையின் நடுவே ஊசிமுனைத் துளையை முள்ளின் மீது போட்டுவிடுவார்கள். குறையைக் கண்டபின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்கு அறிவிக்காதவர் நிவாரணத்தை இழப்பார் என்று சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் 2-607 பிரிவு சொல்வதால், தொலைபேசியில் பேசியதோடு நிற்காமல் மின்னஞ்சலில் தேதியோடு எழுதிவைப்பது கட்டாயம். வழக்குத் தொடரப் பொதுவான காலவரம்பு பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து நான்காண்டு. ஒப்பந்தத்தின் மூலம் அதை ஓராண்டு வரை சுருக்க முடியும். வாத்து வேட்டைக்குப் பேர்போன லூசியானா மட்டும் இத்தொகுப்பின் விற்பனைப் பகுதியை ஏற்கவில்லை. அங்கே பிரெஞ்சு மரபில் வந்த உரிமையியல் சட்டம், மறைந்திருந்த குறைக்காக விற்பனையை ரத்து செய்யவோ விலையைக் குறைக்கவோ வாங்கியவருக்கு வழி தருகிறது.

மனம் மாறியதால் திருப்பித் தரும் உரிமை கூட்டாட்சிச் சட்டத்தில் பொதுவாக இல்லை. அது கடையின் கொள்கையைப் பொறுத்தது. ஒரு விதிவிலக்கு கவனிக்கத்தக்கது: கண்காட்சித் திடல், மாநாட்டு மண்டபம் போன்ற தற்காலிக இடங்களில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் விற்கப்படும் பொருளை மூன்று வணிக நாள்களுக்குள் ரத்து செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு. வேட்டைக் கண்காட்சிகளில் ‘இன்று மட்டும்’ என்ற கூவலுக்கு மயங்கி நீருடை வாங்கியவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

இணையத்தில் பருவம் தொடங்கும் வேளையில் அறுநூறு டாலர் உடையை எண்பது டாலருக்குத் தருவதாகச் சொல்லும் போலித் தளங்கள் முளைக்கின்றன. புகைப்படங்கள் உண்மை நிறுவனத்தினுடையவை, முகவரியோ தொலைபேசியோ இருக்காது, பணத்தைப் பரிசு அட்டையாகவோ நேரடிப் பரிமாற்றமாகவோ கேட்பார்கள். இங்கே கடன் அட்டையே வலுவான கவசம். பொருள் வரவில்லை அல்லது ஒப்புக்கொண்டபடி தரப்படவில்லை என்றால், 1974-ஆம் ஆண்டின் நியாயக் கடன் கட்டணச் சட்டத்தின்படி, அத்தொகை இடம்பெற்ற முதல் கணக்குச் சீட்டு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். பற்று அட்டையில் இவ்வளவு பாதுகாப்பு இல்லை. இணையவழி விற்பவர் தான் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாள்களுக்குள், பொருளை அனுப்ப வேண்டும். முடியாதபோது தாமதத்தை அறிவித்து, வேண்டாமென்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பெரிய சந்தைத் தளங்களில் பிறர் விற்கும் உடையாயின், 2023 ஜூன் 27 முதல் நடைமுறையில் உள்ள இன்ஃபார்ம் நுகர்வோர் சட்டம், அதிக அளவில் விற்பவர்களின் அடையாளத்தைத் தளம் சரிபார்க்கக் கட்டாயப்படுத்துகிறது.

முறையீட்டுக்கு நிறுவனம் செவிசாய்க்காதபோது மாநிலத் தலைமை வழக்கறிஞரின் நுகர்வோர் பிரிவுக்கு எழுதுவது செலவில்லாத வழி. மோசடியாயின் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் புகார்த் தளமும், கொக்கி அவிழாமை போன்ற உயிராபத்துக் குறையாயின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளமும் உண்டு. இவற்றால் தனிப்பட்ட பணம் திரும்புவது அரிது; அதற்குச் சிறுவழக்கு நீதிமன்றமே உகந்தது. ஆர்கன்சாவில் 5,000 டாலர் வரையும், டெக்சஸில் 20,000 டாலர் வரையும் உள்ள கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இன்றியே கொண்டுசெல்லலாம்.

பயன்படுத்திய நீருடை வாங்குவது பணம் மிச்சப்படுத்தும் நல்ல வழிதான், ஆனால் ஆபத்தும் அங்கேயே குவிந்திருக்கிறது. தனிநபர் விற்பவர் அப்பொருளின் வணிகர் அல்லர் என்பதால் உட்கிடை உத்தரவாதம் பொருந்தாது. வரையறுக்கப்பட்ட உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும். எனவே பணம் கொடுப்பதற்கு முன் சோதித்தாக வேண்டும். இருண்ட அறையில் காலுக்குள் வலுவான டார்ச் விளக்கை இறக்கி வெளியிலிருந்து பார்த்தால் பெரிய துளைகள் விண்மீன்களாகத் தெரியும். மார்புப் பகுதியைச் சுருட்டி மூடிக் காற்றடைத்துச் சோப்பு நீர் பூசினால் குமிழி கிளம்பும் இடம் ஒழுக்கு. ஆவி கடத்தும் சவ்வுள்ள உடையாயின் உட்புறத்தைத் திருப்பி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தெளித்தால் ஊசித்துளைகள் கரும்புள்ளிகளாக வெளிப்படும். அதே ஆல்கஹாலால் துடைத்து, அக்வாசீல் போன்ற யூரித்தேன் பசையைத் தடவி ஓர் இரவு உலரவிட்டால், துளை அடைபடும்.

உடையைக் கழுவி உலர்த்துவதில் உடையின் ஆயுளோடு நீர்நிலைகளின் நலனும் அடங்கியிருக்கிறது. வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்களும் நீர்க்களைகளும் ஈரச் சேற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு குளத்திலிருந்து அடுத்ததற்குப் பரவுவதால், மேரிலேண்ட், அலாஸ்கா போன்ற மாநிலங்கள் ஈரத்தைத் தேக்கும் கம்பளி அடிப்பாகப் பூட்ஸ்களுக்குத் தடை விதித்துள்ளன. நீர்விலக்கிப் பூச்சுகளில் பயன்பட்ட, எளிதில் சிதையாத பிஃபாஸ் வேதிப்பொருள்களைக் கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் பெரும்பாலான துணிகளில் தடைசெய்திருப்பதால், பழைய இருப்பை மலிவாகத் தள்ளிவிடும் விற்பனைகளும் நடக்கின்றன. வாங்குபவர் அட்டையைப் படிப்பது நல்லது.

பருவம் முடிந்ததும் பெரும்பாலான நீருடைகள் ஈரத்தோடு வாகனக் கொட்டகையில் சுருட்டி எறியப்படுகின்றன. அங்கே ஈரமும், மின்மோட்டார்கள் வெளிவிடும் ஓசோனும் ரப்பரை வெடிக்கச் செய்கின்றன. உட்புறம் உலர்ந்தபின் பூட்ஸ் மேலே இருக்குமாறு தலைகீழாக, வெயிலும் வெப்பமும் படாத இடத்தில் தொங்கவிடுவதும், மேற்சொன்ன சோதனைகளைப் பிப்ரவரியிலேயே செய்து முடிப்பதும் பழக்கமாக வேண்டும். செப்டம்பரில் வாங்கிய உடையின் ஒழுக்கை அடுத்த ஆண்டு அக்டோபரில் நீரில் இறங்கிய பிறகு கண்டுபிடிப்பவருக்கு, ஓராண்டு உத்தரவாதம் அதற்குச் சில வாரங்கள் முன்பே முடிந்துபோயிருக்கும்.